தென்கடலில் ஓடும் பயணிகள் படகுக்கு எந்தப் பேட்டரி பொருந்தும்?

பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், உள்ள தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் 32 அடி ஃபைபர் படகின் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் வைக்க விரும்புகிறீர்கள். மின்சாரக் கப்பல்களில் போடும் பேட்டரிகளில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய மின்கார்களிலிருந்து எடுத்த பேட்டரியைப் பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. எது சிறந்தது என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் முடிவெடுக்க வேண்டிய விஷயம் அதுவல்ல. படகு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும், நடைகளுக்கு இடையில் எவ்வளவு நேரம் கரையில் நிற்கும், எந்தக் காற்றை எதிர்த்துப் போகும், நீரோட்டத்துக்கு நடுவில் மின்சாரம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பவைதான் பேட்டரியைத் தீர்மானிக்கின்றன. நான் கீழக்கரைக்காரன், சரக்குக் கப்பல்களிலும் பின்னர் பேட்டரி பொருத்திய துணைக்கப்பல்களிலும் மின் அதிகாரியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது கரையில் சிறு படகுகளின் மின் அமைப்புகளைப் பார்த்துத் தருகிறேன். உங்கள் படகின் அடிவடிவத்தைப் பார்க்காமல் எழுதுவதால், கீழே வரும் எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கே. அவற்றை அப்படியே விலைப்பட்டியலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட், அதாவது 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சுழல்தண்டுக்குக் கொடுக்கும். மீதி வெப்பமாகப் போய்விடும். பேட்டரியிலிருந்து மோட்டார் வழியாகச் சுழல்தண்டுக்குப் போகும் பாதையில் இழப்பு 10 முதல் 15 சதவீதம்தான். ஆகவே ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலையைப் பேட்டரி செய்ய 3 யூனிட்டுக்குச் சற்று மேல் தேவைப்படும். உங்கள் படகு மணிக்கு 3 லிட்டர் குடிக்கிறது, நாளொன்றுக்கு மொத்தம் 3 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் செலவு 30 யூனிட். பேட்டரியை அடிவரை வடிக்கக் கூடாது, எதிர்காற்றுக்கும் அவசரத்துக்கும் ஒரு பங்கு கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதால் 50 யூனிட் கொள்ளளவு வேண்டும். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017-இல் ஓடத் தொடங்கிய ஆதித்யா என்ற சூரிய மின்படகிலும் இதே அளவில்தான் பேட்டரி இருக்கிறது. அதில் 75 பேர் போகிறார்கள். ஆனால் அது காயலில் ஓடுவது, ஒல்லியான இரட்டை அடிப்பாகம் கொண்டது, கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடு சுமப்பது. அகலமான ஒற்றை அடிப்பாகத்துடன் தென்கடலில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றை எதிர்த்துப் போகிற படகை அதோடு ஒப்பிட முடியாது. வேகத்தையும் கணக்கில் வையுங்கள்: 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தை 6 நாட் ஆக்கினால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். டீசலில் இது கண்ணுக்குத் தெரியாது. பேட்டரியில் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஈய-அமில பேட்டரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உள்ளூரில் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். நீர்மூழ்கிக் கப்பல்கள் நூறாண்டுக்கும் மேலாக அதை நம்பித்தான் மூழ்கின. லித்தியம் பேட்டரியோடு முதல் பெரிய நீர்மூழ்கியை ஜப்பான் கடற்படை 2020-இல்தான் சேர்த்துக்கொண்டது. எனவே அது கெட்ட பேட்டரி அல்ல. நீர்மூழ்கிக்கு எடை தேவை. உங்கள் படகுக்கு எடை சுமை. ஒரு கிலோ ஈய பேட்டரி 30 முதல் 40 வாட் மணிதான் தரும், அதிலும் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் வேகமாகக் குறையும். மேற்சொன்ன வேலைக்கு இரண்டரை டன் பேட்டரி ஏற்ற வேண்டியிருக்கும். அதன் பிறகு பயணிகளுக்கு இடமிருக்காது. கடல்நீர் உள்ளே போனால் குளோரின் வாயு வெளிவரும் என்பதும் நினைவில் இருக்கட்டும். விளக்குக்கும் ரேடியோவுக்கும் அது போதும், உந்துவிசைக்கு வேண்டாம்.

லித்தியம் பேட்டரி என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒன்றல்ல. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் சேர்ந்த என்.எம்.சி. வகைதான் பெரிய கப்பல்களில் முதலில் பரவியது. நார்வேயில் 2015-இல் ஓடத் தொடங்கிய ஆம்பியர் என்ற கார் படகில் சுமார் 1,000 யூனிட்டும், டென்மார்க்கில் 2019-இல் ஓடத் தொடங்கிய எல்லென் படகில் 4,300 யூனிட்டும் இந்த வகையில்தான் வைக்கப்பட்டன. குறைந்த எடையில் அதிக ஆற்றல் தருவது அதன் பலம். சூடேறித் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும் நிலைக்கு மற்ற வகைகளைவிடக் குறைந்த வெப்பத்திலேயே போய்விடுவதும், அப்போது மிகுந்த வெப்பத்தைக் கக்குவதும் அதன் பலவீனம். அந்தக் கப்பல்களில் பேட்டரிக்கென்று தனி அறை, குளிர்விப்பு, வாயு உணரி, தீயணைப்பு, எந்நேரமும் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் உண்டு. இருபது பேர் ஏறும் திறந்த படகில் அவற்றில் எதுவும் இருக்காது. எடை மிச்சமாகிறது என்பதற்காக என்.எம்.சி.யை உங்கள் படகுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்.எஃப்.பி., உங்கள் வேலைக்குப் பொருந்துவது. பெட்டி, சட்டம் எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு 100 வாட் மணி என்று கணக்கிட்டால் 50 யூனிட்டுக்கு அரை டன் வரும். எஞ்சின், கியர்பெட்டி, டீசல் தொட்டி போன இடத்தில் அதைத் தாங்கலாம். தினம் ஒரு முறை ஏற்றி இறக்கினால் சில ஆயிரம் சுற்றுகள் வரை தாங்கும் ரசாயனம் இது. ஆனால் இதற்குத் தீப்பிடிக்காது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். தீப்பற்றும் வெப்பநிலை அதிகம், வெளிவரும் வெப்பம் குறைவு என்பது உண்மை. பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல்களில் ஒன்று கெட்டுப்போனால் அதிலிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறது, மூடிய பெட்டிக்குள் அது தேங்கினால் வெடிக்கும் என்பதும் உண்மை.

எல்.எஃப்.பி.யில் இன்னொரு குணம் உண்டு. டீசல் தொட்டியில் குச்சி விட்டுப் பார்த்துப் பழகியவர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஒரு செல்லின் மின்னழுத்தம் 90 சதவீத மின்னூட்டத்திலிருந்து 20 சதவீதம் வரை 3.3 வோல்ட்டுக்கும் 3.2 வோல்ட்டுக்கும் இடையிலேயே நின்றுகொண்டிருக்கும். வோல்ட் மீட்டரைப் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. கடைசி 10 சதவீதத்தில் மின்னழுத்தம் திடீரென்று சரியும், உடனே பி.எம்.எஸ். என்கிற காவல் பலகை செல்லைக் காப்பாற்ற இணைப்பைத் துண்டித்துவிடும். தரையில் அது நல்ல வேலை. பாம்பன் கால்வாய்ப் பக்கம், நீரோட்டம் பாறையை நோக்கி இழுக்கும் இடத்தில், இருபது பேரோடு மோட்டார் நின்றால் அது நல்ல வேலையா என்று யோசியுங்கள். எனவே ஒரே பெரிய பேட்டரியாக வாங்காமல், 25 யூனிட் வீதம் இரண்டு தனித்தனித் தொகுதிகளாக, ஒவ்வொன்றுக்கும் தனி பி.எம்.எஸ்., தனி ஃபியூஸ், தனித் துண்டிப்பானோடு வாங்குங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றொன்றில் மெதுவாகக் கரை சேரலாம். துண்டிப்பதற்கு முன் ஓட்டுநருக்கு மணி அடிக்க வேண்டும், சில நிமிடமாவது அவகாசம் தர வேண்டும்; இதைச் செய்ய முடியாத பி.எம்.எஸ். படகுக்கு ஆகாது. உள்ளே போகிற, வெளியே வருகிற மின்னோட்டத்தை எண்ணிக் கணக்கு வைக்கும் ஷண்ட் மீட்டரையும் ஓட்டுநர் கண்ணுக்கு நேராக வையுங்கள். வாரம் ஒரு முறை பேட்டரியை முழுதாக ஏற்றினால்தான் அந்தக் கணக்கும் சரியாக நிற்கும்.

மூன்றாவது வகை லித்தியம் டைட்டனேட், எல்.டி.ஓ. கொச்சி வாட்டர் மெட்ரோவில் 2023 முதல் ஓடும் நூறு பேர் படகுகளில் இருப்பது இதுதான். ஒவ்வொன்றிலும் 122 யூனிட். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறும், பத்தாயிரம் சுற்றுகளுக்கு மேல் தாங்கும், மூன்று வகைகளில் எளிதில் தீப்பற்றாதது இதுவே. எடையோ எல்.எஃப்.பி.யைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, விலை அதற்கும் மேல். காலையிலிருந்து இரவு வரை துறைக்குத் துறை நின்று நின்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு ஓடும் படகுக்கு இது சரியாக அமையும். இரவில் ஏற்றியதை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து இரவில் மீண்டும் ஏற்றும் உங்கள் படகுக்கு, பயன்படுத்தாத வேகத்துக்குப் பணம் கொடுப்பதாகவே ஆகும். பாம்பனிலிருந்து எப்போதாவது காலை முதல் மாலை வரை தொடர் படகுச் சேவை வந்தால், அப்போது நான் எல்.டி.ஓ. என்றுதான் சொல்வேன்.

இனி நம் ஊர் வெயில். ஆயுள் இத்தனை ஆயிரம் சுற்று என்று அட்டையில் அச்சிட்டிருப்பது 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆய்வகத்தில் எடுத்த எண். சித்திரை, வைகாசியில் மூடிய ஃபைபர் தளத்தின் கீழே 50 பாகையைத் தாண்டும். வெப்பம் ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது தோராயமான விதிதான். ஆனாலும் அதை அலட்சியப்படுத்தி நான் எதையும் வடிவமைத்ததில்லை. எனவே அட்டையில் உள்ள ஆயுளை நம் கரைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, பாதியைக் கணக்கில் வைத்து முதலீட்டைப் போட்டுப் பார்ப்பதே நேர்மையான கணக்கு. பல எல்.எஃப்.பி. செல்களை 45 பாகைக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்யக் கூடாது. நடை முடிந்து கட்டியதும் உடனே சார்ஜரைச் செருகாமல், வெயில் தாழ்ந்து பெட்டி ஆறியபின் இரவில் ஏற்றுங்கள். தளத்தை வெள்ளை அடியுங்கள். பெட்டியைத் தாழ்வாக, படகின் அடித்தோலுக்கு அருகில் வைத்தால் 30 பாகைக்கு அருகில் இருக்கும் கடல்நீரே வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் படகுக்குள் ஊறும் தண்ணீரின் மட்டத்துக்கு மேலே அது இருந்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் கண்டுபிடிப்பது படகு கட்டுபவரும் மின் வேலைக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

பேட்டரியின் ரசாயனத்தைவிட உப்புத்தண்ணீரைக் கண்டு நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும். 2021 மார்ச்சில் நார்வேயில் பேட்டரியும் எஞ்சினும் சேர்ந்து ஓட்டும் பிரிம் என்ற சுற்றுலாப் படகில் தீப்பிடித்ததற்குக் காரணம், காற்றோட்டக் குழாய் வழியாகப் பேட்டரி அறைக்குள் புகுந்த கடல்நீர் என்றே விசாரணையில் தெரிந்தது. அதற்கு முன் 2019 அக்டோபரில் அதே நாட்டில் யூட்டரோய்னிங்கன் என்ற கார் படகில், குளிர்விக்கும் திரவம் கசிந்து பேட்டரியில் தீப்பற்றியது; தீ அடங்கிய மறுநாள், தேங்கி நின்ற வாயு வெடித்தது. இரண்டுமே முறையாகக் கட்டப்பட்டு, ஆய்வு செய்யப்பட்ட படகுகள். இரண்டிலும் திரவம் பேட்டரியை அடைந்தபின்தான் எல்லாம் நடந்தது. ஆகவே பெட்டி நீர்புகாததாக இருக்க வேண்டும். அதே சமயம் கெட்ட வாயு வெளியேற வழியும் இருக்க வேண்டும். அந்த வழியை, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, அன்னக்கழுத்துக் குழாயாக வளைத்து, தெறிக்கும் அலை எட்டாத உயரத்தில், பயணிகள் உட்காராத பக்கம் திறக்க விடுங்கள். கேபிளும் கவனிக்க வேண்டியது. வீட்டு வயரிங் செம்புக் கம்பியைப் படகில் போட்டு ஓராண்டு கழித்து, கம்பி முனையில் மாட்டிய லக்கை வெட்டி உறையைச் சீவிப் பாருங்கள்: வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு சாண் தூரத்துக்குக் கம்பி கறுத்துப் பொடியாகக் கிடக்கும். உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஊறிப் போகிறது. அந்த இடத்தில் மின்தடை கூடி, சூடேறி, பக்கத்தில் இருக்கும் பேட்டரி முனையத்தையும் சூடாக்கும். டின் பூசிய கடல் கேபிளும், உள்ளே பசை உருகி அடைத்துக்கொள்ளும் சுருங்கு உறையும் போட்டால் இது நிற்கும். அதற்கு ஆகும் கூடுதல் செலவு பேட்டரி விலையோடு பார்த்தால் சிறியது. இந்தக் கரையின் உப்புக்காற்று எவ்வளவு கொடியது என்பதற்குப் பழைய பாம்பன் பாலத்தின் இரும்பே சாட்சி. காரைக்குடியில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருப்பதும் இந்த அரிமானத்தை ஆராயத்தான். பேட்டரியையும் அரிமானத்தையும் ஒருசேர ஆராயும் நிறுவனம் இவ்வளவு அருகில் இருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

இதை வைத்தே கார் பேட்டரிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம்: வாங்க வேண்டாம். கார் பேட்டரி மோசமானது என்பதல்ல காரணம். பழுது தெரிந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடு என்பதுதான் அதன் பி.எம்.எஸ்.ஸுக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது, சாலை ஓரம் ஒதுங்கலாம், கடலில் ஒதுங்க இடமில்லை. விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வந்ததா, வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து வந்ததா என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதைப் பிரித்து வேறு பெட்டியில் அடுக்கித் தருகிறவர், ஒரு செல் எரிந்தால் பக்கத்துச் செல்லுக்குத் தீ பரவுகிறதா என்ற சோதனையைச் செய்திருக்க வாய்ப்பில்லை. கப்பல் தரச்சான்று அமைப்புகள் முதலில் கேட்பது அந்தச் சோதனையைத்தான். இந்தியக் கப்பல் பதிவேடு அமைப்பும் பேட்டரியில் ஓடும் கப்பல்களுக்கென்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. பயணிகளை ஏற்றும் படகு என்பதால் எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்பே உரிமம் தரும் அதிகாரிகளிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள்; மாற்றிய பிறகு போய் நின்றால் சிக்கல்.

உங்கள் உறவினரின் விசைப்படகுக்கும் இதே முறை ஆகுமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். ஆகாது. இழுவை வலை இழுக்கும் எஞ்சின் இரவு முழுக்க ஒரே சீரான பாரத்தில் ஓடுவது. ஒரு நடைக்கு 200 லிட்டர் டீசல் என்று வைத்தால்கூட 600 யூனிட் ஆற்றல், ஆறு டன் எல்.எஃப்.பி.; கையிருப்புக்கு இன்னும் பல டன். மீன் வைக்க இடமிருக்காது. பேட்டரியும் எஞ்சினும் சேர்ந்த கலப்பு முறை லாபம் தருவது பாரம் ஏறி இறங்கும் இடத்தில்தான். எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும் துணைக்கப்பல்களில், அவசரத்துக்கென்று வெறுமனே ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு அந்த வேலையைப் பேட்டரியிடம் கொடுத்தபோது எண்ணெய் மிச்சமானதை நானே பார்த்திருக்கிறேன். சீராக இழுக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் பேட்டரி வைத்தால் சுமைதான் மிச்சம். காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் மெதுவாகப் போகும் படகு, கரையோரம் வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்டுப்படகு ஆகியவற்றுக்கு மின்சாரம் பொருந்தும்.

சோடியம் அயனி பேட்டரி வருகிறது, அதற்காகக் காத்திருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். லித்தியம் தேவையில்லை என்பது பெரிய நன்மை. எடைக்கு ஆற்றல் எல்.எஃப்.பி.யைவிடக் குறைவு. கடலில் ஆண்டுக்கணக்கில் ஓடித் தன்னை நிரூபித்த பிறகே பயணிகள் படகில் வைக்கச் சொல்வேன். ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் ஓடும் படகை 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் தொடங்கிவைத்ததைப் பார்த்திருப்பீர்கள். கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய அந்தப் படகு வாரணாசிக்கானது. ஹைட்ரஜனை அழுத்தி நிரப்பும் வசதி துறையில் இல்லாமல் தனியொரு படகு உரிமையாளர் அதைத் தொட முடியாது.

சார்ஜ் ஏற்றுவதற்கு வேகமான கருவி தேவையில்லை. மும்முனை இணைப்பில் 7 கிலோவாட் சார்ஜர் ஒன்று இருந்தால் ஒரு நாள் செலவான 30 யூனிட்டை ஐந்து மணி நேரத்துக்குள் ஏற்றிவிடும். துறையில் மின்னழுத்தம் ஏறி இறங்கினால், முதலில் மின்வாரியத்திடம் அந்த இணைப்பின் தாங்குதிறனைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்பியர் படகு ஓடத் தொடங்கிய நார்வே கிராமங்களிலும் மின்கம்பி வேக சார்ஜின் சுமையைத் தாங்காது என்பதால், இரு கரைகளிலும் தனியாகப் பேட்டரி வைத்து, அதை மெல்ல நிரப்பி, படகு வந்ததும் வேகமாக ஊற்றினார்கள். கூரையில் 4 கிலோவாட் சூரியத் தகடு வைத்தால் நம் வெயிலில் நாளொன்றுக்கு 16 யூனிட் வரை எதிர்பார்க்கலாம், உங்கள் தேவையில் பாதி. ஆனால் கூரைப்பரப்பு கூடினால் பக்கக்காற்றின் பிடியும் கூடும், படகு சாயும். நிலைத்தன்மைக் கணக்குப் போட்ட பிறகே தகடு வாங்குங்கள். இந்த எல்லாக் கணக்கும் மணிக்கு 3 லிட்டர் என்ற என் ஊகத்தின் மேல் நிற்கிறது. அமைதியான நாளிலும் கச்சான் வீசும் நாளிலும் உண்மையில் எவ்வளவு டீசல் போகிறது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று தனித்தனியாக எழுதி வைத்தால் அந்த ஊகத்தை எடுத்துவிட்டு உண்மையான எண்ணை அங்கே போடலாம்.

கடல் கொந்தளித்துப் படகுகளை வாரக்கணக்கில் கட்டிவைக்கும் காலத்தில் பேட்டரியை என்ன செய்வது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஈய பேட்டரியை முழுதாக ஏற்றித்தான் வைக்க வேண்டும். பழகிய கை எல்.எஃப்.பி.யையும் அப்படியே முழுதாக ஏற்றி மூடிவிடும். நூறு சதவீதத்தில், வெயிலில், ஓடாமல் கிடப்பதுதான் லித்தியம் செல்லை உள்ளுக்குள் வேகமாக முதுமையாக்கும். பாதி அளவு மின்னூட்டத்தில் நிறுத்தி, துண்டிப்பானால் இணைப்பைத் துண்டித்து வைத்து, முடிந்தால் தொகுதிகளைக் கழற்றி நிழலான அறைக்குக் கொண்டுபோய், மாதம் ஒரு முறை செல் மின்னழுத்தங்களைப் பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். மற்ற செல்களைவிட ஒன்று மட்டும் மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தால், மீண்டும் கடலில் இறக்குவதற்கு முன் அந்தத் தொகுதியை விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் அந்த நோட்டே உங்களுக்கு ஆதாரம்.